சிற்பம் போன்ற ஹீல்: முதல் மாதிரியை நீங்களே செய்யலாம்

சில ஷூக்கள் ரன்வேயில் வந்தால் உடை பக்கம் கண்ணே போகாது. 2021 அக்டோபரில் பாரிஸில் ஸ்பெயின் ஃபேஷன் நிறுவனமான லோவே காட்டியவை அப்படித்தான்: ஒன்றுக்கு உடைந்த முட்டை ஹீல், இன்னொன்றுக்கு நெயில் பாலிஷ் பாட்டில். அந்த மாதிரி ஒரு ஹீலைக் களிமண்ணில் செய்து பார்ப்போம்.

தேவையானவை: ஹீல் வைத்த பழைய ஷூ, பெரிய தாள், பென்சில், ஸ்கேல், தானாகக் காயும் களிமண், தடித்த கம்பி, அலுமினியத் தாள், பசை.

1. ஷூவைத் தாளில் பக்கவாட்டாகப் படுக்க வைத்துச் சுற்றி வரையுங்கள். முன்பாதத்தின் அடியையும் ஹீலின் நுனியையும் தொட்டு ஒரு கோடு போட்டால் அதுதான் தரை. இப்போது படத்தில் ஹீலை மட்டும் அழித்துவிடுங்கள்.

2. குதிகால் உட்காரும் இடத்தின் நடுவிலிருந்து தரைக்கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. உடல் எடை இறங்கும் வழி ஏறக்குறைய இதுதான். நடுவில் ஹீல் எப்படி வேண்டுமானாலும் வளையட்டும், தரையைத் தொடும்போது இந்தக் கோட்டின் அருகே வந்துவிட வேண்டும். உயரத்தையும் மாற்றாதீர்கள். பழைய உயரத்துக்கு ஏற்றபடிதான் அடித்தட்டு வளைக்கப்பட்டிருக்கிறது. கூட்டினாலோ குறைத்தாலோ முன்பாதம் தரையில் சரியாகப் படியாது.

3. முட்டை, பாட்டில் போல ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, ஹீல் இருந்த இடத்தில் அதன் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து உள்ளே கறுப்பாக நிரப்புங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது இந்த நிழலுருவம்தான். கறுப்பில் அடையாளம் தெரியாத வடிவம் மேடையிலும் எடுபடாது. ஷூவின் மேல்பாகத்தை அடக்கமாக விடுங்கள் என்பதும் என் கட்சி. இத்தாலிய ஷூ வடிவமைப்பாளர் ஃபெராகாமோ 1947இல் செய்த செருப்பைப் பாருங்கள்: மேலே ஒளி ஊடுருவும் நைலான் இழைகள்தான். அதனால் பார்வை நேராக, குடைந்தெடுத்த அந்த ஹீலுக்கே போகிறது.

4. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பழைய ஹீலைக் கழற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் கம்பியை எடைக்கோட்டை ஒட்டி வளைத்து, கசக்கிய அலுமினியத் தாளைச் சுற்றி, மேலே மெல்லிசாகக் களிமண் பூசுங்கள். கனமாக அப்பினால் காயும்போது வெடிக்கும். மேல்பகுதி ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் தாளை இடையில் வைத்து ஷூவை அழுத்துங்கள். அடித்தட்டின் குழிவு அப்படியே பதியும்.

5. நன்றாகக் காய்ந்ததும் ஒட்டி மேசையில் நிறுத்துங்கள். குதிகால் இடத்தை விரலால் அழுத்தும்போது ஷூ பின்னால் சாய்ந்தால், ஹீலின் அடி அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் பின்னாலிருந்து பார்த்து நடுக்கோட்டைச் சரிசெய்யுங்கள்.

இதைப் போட்டு நடக்கக் கூடாது, களிமண் உடைந்து கணுக்கால் பிசகும். அணியும் ஷூவில் ஹீல் மரத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ இருக்கும். மெல்லியதானால் உள்ளே எஃகுக் கம்பியும் ஓடும். பாத வளைவின் கீழே ஷாங்க் என்ற எஃகுப் பட்டை தாங்கும். ஹீலை உள்ளிருந்து ஆணியும் திருகாணியும் பிடித்திருக்கும். உங்கள் வரைபடம் தயாரானபின் ஷூ செய்யும் கைவினைஞரிடம் கொண்டுபோனால், அவர் முதலில் பார்ப்பது அந்தச் செங்குத்துக் கோட்டைத்தான். அதை அழிக்காமல் வைத்திருங்கள்.