பழைய ஸ்கோப், பழைய மீற்றர்: வாங்கின கையோடு செய்யக்கூடாதவை

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஒஸிலோஸ்கோப், அந்த அலையை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேற்றர் என்று சேர்க்கிற விசர் பிடித்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்ததோ, கனடா மாமா அனுப்பியதோ, பெட்டியைப் பிரித்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்காமல் கை நிற்காது. பல சாமான்கள் சாவது அந்த நிமிடத்தில்தான்.

பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓடினது 115 வோல்ற்றில் இருக்கும். எங்கள் கரண்ட் 230. பின்பக்க வோல்ற் சுவிட்சை 230க்கு மாற்றினால் பியூஸின் அளவையும் மாற்றவேண்டும். அப்புறம் மூடியைக் கழற்றி, கரண்ட் உள்ளே வரும் இடத்தில் தேன்நிற உறையுள்ள றிஃபா கம்பெனிக் கப்பாசிற்றர் (மின்தேக்கி) இருக்கிறதா என்று தேடுங்கள். உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். மாரியையும் கடற்காற்றையும் கண்ட சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். கரண்ட் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் வெடித்து, வீடு முழுக்க நாறப் புகைக்கும். பழையதில் அச்சடித்த அதே வகை, எக்ஸ்2 என்றால் எக்ஸ்2, புதியதைப் போட்டால் முடிந்தது.

முதல் தடவை 60 அல்லது 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக, சாமானுக்குப் போகும் கரண்ட் பல்ப்பினூடாகப் போகும்படி, பூட்டிக் கரண்ட் கொடுங்கள். மின்னிவிட்டு மங்கினால் பெரும்பாலும் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ சோட். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது.

எர்த் விஷயத்தில் விளையாட வேண்டாம். புரோப்பில் (அளக்கும் இடத்தைத் தொடும் ஸ்கோப் வயரில்) தொங்கும் கிளிப், ஸ்கோப்பின் உடலோடும் எர்த்தோடும் சேர்ந்தது. ரிவி பவர் சப்ளையில் கொளுவினால் பொறி பறக்கிறதே என்று ஸ்கோப்பின் எர்த் வயரை வெட்டிவிடும் கெட்டிக்காரர்கள் உண்டு. பிறகு கைபடும் தகரமெல்லாம் கரண்ட். திருத்துகிற சாமானுக்குத்தான் ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் (மெயின் கரண்டிலிருந்து பிரித்துக் கொடுப்பது) போடவேண்டும், ஸ்கோப்புக்கு அல்ல. எர்த் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் இந்த மேசையிலாவது விடுங்கள்.

வோல்ற், கரண்ட் அளக்கும் பழைய முள் மீற்றரான ஏவோ 8-ஐப் பற்றரியோடு அலுமாரியில் வைக்காதீர்கள், பச்சை பூத்துவிடும். பிந்திய ரெக்ட்ரோனிக்ஸ் 2465பி ஸ்கோப்புகளில் கதை வேறு: அளவு சரியாகக் காட்டவைக்கும் கலிப்ரேஷன் எண்கள் மெமரி சிப்புக்குள் இருக்கும் பற்றரியின் தயவில்தான் நிற்கின்றன. அந்த எண்களைப் பிரதி எடுக்காமல் சிப்பை மாற்றினால் எல்லாம் போச்சு.

திரையில் கோடு தெரிகிறது என்பதற்காக முழு விலை கொடுக்கத் தேவையில்லை. முன்பக்கத்தில் கலிப்ரேற்றர் முனை, சோதிக்கவென்று சதுர அலை தரும் இடம், இருக்கும். புரோப்பை அதில் வைத்துச் சதுர அலையைப் பாருங்கள், ஒவ்வொரு குமிழையும் திருகுங்கள். புரோப் இல்லாமல் விற்றால் அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள்.