ஒரே தேதியில் கோத்துப் படித்தால் ஆண்டுகள் மறக்காது

உலக வரலாற்றுத் தேதிகளை ஆண்டு வரிசையில் உருப்போடுவதைவிட, ஒரே மாதம், ஒரே நாளில் நடந்தவற்றைச் சேர்த்துப் படியுங்கள். ஜெர்மனிக்கு நவம்பர் 9 ஒன்றே போதும். 1918: மன்னராட்சி முடிந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923: மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் முறியடிக்கப்பட்டது. 1938: யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்ட கொடிய இரவு. 1989: பெர்லின் சுவர் திறந்தது.

நாளும் மாதமும் ஒருமுறை மனதில் ஏறிவிட்டால், அப்புறம் ஆண்டை மட்டும் நினைவில் வைத்தால் சரி. ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தால் மற்றவற்றையும் கையோடு இழுத்து வந்துவிடும். அந்த நாட்டின் எழுபது ஆண்டுக் கதையே இந்த ஒரு தேதியில் வந்துவிடுகிறது பாருங்கள்!

பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதிகளில் மட்டும் இதை நம்ப வேண்டாம். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி அங்கே அன்று அக்டோபர் 25. இன்றைய கணக்கில் 1917 நவம்பர் 7. நேர வித்தியாசமும் காலை வாரும்: பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஜப்பானில் டிசம்பர் 8.