தைராய்டு மாத்திரை: டிஎஸ்எச் எவ்வளவு இருக்கணும்?

டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மாத்திரை போதாவிட்டால் ஏறும், அதிகமானால் இறங்கும். தைராக்சின் (தைராய்டு மாத்திரை) சாப்பிடும் பெரும்பாலானோருக்கு ரத்தத்தில் டிஎஸ்எச் 0.4 முதல் 4 mIU/L வரை இருந்தால் போதும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு 5, 6 வரை போனாலும் டாக்டர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டு டோஸ் ஏற்றமாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு 2.5-க்குள் வேண்டும். 0.1-க்குக் கீழே இறங்கினால் படபடப்பு, எலும்புத் தேய்மானம் வரலாம். 'குறைவுதானே, நல்லது' என்று விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள் தவிர மற்றவர்கள், டோஸ் மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்தே டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன் எடுப்பது வீண் செலவு, டிஎஸ்எச் நிலைபெற்றிருக்காது. அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முன்பே போட்டால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராக்சின் அளவு) கூடுதலாகக் காட்டும். முடிக்கு பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டால் 2 நாள் முன்பே நிறுத்துங்கள், அது ரிசல்ட்டையே குழப்பிவிடும்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் டிஎஸ்எச் ஏறுகிறதா? மாத்திரை போட்டவுடன் காபி குடிக்கிறீர்களா என்று பாருங்கள். அரை மணியாவது பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி.