மாடி வீட்டில் கோடை: மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள்

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஏப்ரல் மாதத்தில் பகலைவிட இரவு பத்து மணிதான் பாடாய்ப் படுத்தும். வெளியே காற்று வந்துவிட்டிருக்கும். கீழ் வீட்டில் விளக்கை அணைத்துப் படுத்திருப்பார்கள். நம் வீட்டில் மட்டும் மின்விசிறியைக் கூட்டக் கூட்ட அனல் இறங்கும். சென்னையில் ஒன்பது கோடைகளை இப்படி ஒரு வீட்டில் கழித்திருக்கிறோம். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் எழுபது வயது தாண்டிய என் அம்மா. அவருக்காகத்தான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். பலன் தந்தவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. சூடு எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்

மாலை ஆறு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆடாத ஸ்டூல் ஒன்றில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் நான்கு சுவர்களையும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சீலிங்கும் மேற்குச் சுவரும்தான் கொதிக்கும்.

காரணம் இருக்கிறது. சென்னை சுமார் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேராக நம் தலைக்கு மேலே வந்துவிடும். அதனால் வெயிலின் பெரும்பங்கை வாங்குவது மொட்டைமாடி. தெற்குச் சுவருக்கு அந்த மாதங்களில் அவ்வளவு வெயில் படாது. மேற்குச் சுவருக்கு மாலை வெயில். கான்கிரீட் தளம் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. மதியம் குடித்த வெயிலைச் சில மணி நேரம் கழித்து, நாம் படுக்கப் போகும்போது இறக்குகிறது. ஆகவே அறைக்குள் என்ன வாங்கி வைத்தாலும், தளத்தைக் கவனிக்காவிட்டால் பாதி வேலைதான்.

2. மொட்டைமாடிக்கு வெள்ளை அடியுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்; அறையின் வெப்பம் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையலாம். கூல் ரூஃப் பெயின்ட், வெள்ளை ஓடு என்று விலை கூடிய வழிகள் உண்டு. வாடகை வீடு, கையில் பணம் குறைவு என்றால் சுண்ணாம்பே போதும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தளத்துக்கு நல்லது என்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ செய்துவிடுங்கள். முதல் நாள் தளத்தைப் பெருக்கி, பாசியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் அடைத்துக் காயவிடுங்கள். ஒழுகும் தளத்தைச் சுண்ணாம்பு காப்பாற்றாது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியே இளகிவிடும். முதல் முறை செய்கிறவர்கள் ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாங்குங்கள். அதை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள். நாங்கள் மூன்று பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு வெள்ளை சிமென்ட்டும், பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிக்காலும் சேர்த்தோம். சிமென்ட் கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும் என்பதால் அடிக்கும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வெயில் இறங்கிய பின், தளத்தை லேசாக நனைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பியுங்கள். சுண்ணாம்பு காற்றைப் பிடித்து மெதுவாக இறுகும் பொருள். உச்சி வெயிலில் அடித்தால் இறுகுவதற்குள் உலர்ந்து, மாவாக உதிரும். எங்கள் முதல் வருட வேலை அப்படித்தான் வீணானது. துணி காயப்போடப் போனவர்கள் காலெல்லாம் வெள்ளை. மறுநாள் காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மாலையில் இரண்டாவது பூச்சு. அது காய்ந்த பின் கையால் தேய்த்துப் பாருங்கள், ஒட்டாமல் இருந்தால் சரி.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி உள்ள வீடுகளில் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். அடுத்த கோடைக்கு முன் தூசியைக் கழுவி ஒரு பூச்சு அடித்தால் போதும்.

மதியம் மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் சூடு தணியும், உண்மைதான். ஆனால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் மாதத்தில் அந்தத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை.

3. ஜன்னலுக்கு வெளியே நிழல்

திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்ட பிறகுதான் தடுக்கிறோம். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டி, செடிகளுக்குப் போடும் பச்சை வலை, பழைய பருத்திப் புடவை எதுவானாலும் பரவாயில்லை. சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள், காற்று ஓடட்டும்.

4. ஜன்னலைத் திறக்க நேரம் பாருங்கள்

"காற்று வரட்டும்" என்று பகல் முழுவதும் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பது நம் பழக்கம். வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாக இருக்கும்போது அது அனலைத்தான் உள்ளே கொண்டுவரும். ஒரு சாதாரண வெப்பமானியை உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் காலை ஒன்பதுக்குள் வெயில் பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுவோம்.

சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலையொட்டி அல்லது அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து வரும். மேற்கிலிருந்து வரும் காற்று வலுத்து அது தாமதமாகும் நாட்களில்தான் வெயில் உச்சத்துக்குப் போகிறது. கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலையும் அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றையும் சேர்த்துத் திறங்கள். காற்றுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே வராது. இரவில் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து அரை மணி நேரம் ஓடவிட்டால், அறையில் தேங்கிய சூடு வெளியேறிவிடும்.

5. மின்சாரச் சாமான்கள்

ஏர் கூலர் வாங்கும் முன் ஊரை யோசியுங்கள். தண்ணீர் ஆவியாவதால்தான் அது குளிர்ச்சி தருகிறது. வேலூர், திருச்சி மாதிரி வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். சென்னையின் ஈரக்காற்றில் புழுக்கம்தான் கூடும். மின்விசிறி அறையைக் குளிரவைப்பதில்லை, நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் நிறுத்திவிடலாம். ஏசி இருந்தால் 24, 25 போதும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும்.

சமையலைக் காலை எட்டுக்குள் முடிப்பது, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பச்சை வலை கட்டுவது இரண்டும் சின்ன வேலைகள். ஆனால் மதியம் முகம் கழுவும்போது அருமை தெரியும்.

6. வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திருக்காமல் மண்பானைத் தண்ணீரோ நீர்மோரோ மணிக்கு ஒரு முறை கையில் கொடுங்கள். சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் கட்டிலைக் கோடையில் மேற்கு அறையிலிருந்து வடக்கு அறைக்கு மாற்றிவிடுகிறோம். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறிக் காற்றே உடம்பைச் சூடாக்கும். அந்த நேரத்துக்கு அவரைக் கீழ் வீட்டு அக்கா வீட்டில் உட்காரவைக்கிறோம்.

பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாமல் தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, துணிகளைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.