இரண்டு எல்என்பியில் எது தேவலை? வீட்டிலேயே சோதிப்பது எப்படி

டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவிதான் எல்என்பி. பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுகிறீர்கள். சேனலும் வருகிறது. முன்னைவிட நன்றாக வருகிறதா என்று டிவி படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டலில் படம் வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ரிசீவர் மெனுவில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: எந்த எண்?

மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டை இருக்கும். ஸ்ட்ரெங்த் பட்டையை மறந்துவிடுங்கள். கேபிளில் வந்து சேரும் எல்லாமே அதில் சேர்த்தி, வெறும் இரைச்சல் உட்பட. டிஷ்ஷை வெற்று வானத்துக்குத் திருப்பினாலும் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். இரைச்சலைத் தாண்டி சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது குவாலிட்டியில்தான் தெரியும். ஒரு ரிசீவரின் 70-ம் வேறொரு ரிசீவரின் 70-ம் ஒன்றல்ல. கடைசிவரை ஒரே ரிசீவரில் சோதியுங்கள்.

படி 2: நோஞ்சானைப் பிடியுங்கள்

பளிச்சென்று வரும் டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளிலிருந்து ஒரு கொத்து சேனல்களைச் சுமந்து வரும் அலைவரிசை) இரண்டு எல்என்பியுமே நல்ல பிள்ளைதான். இருப்பதிலேயே குவாலிட்டி குறைவானதாகத் தேடி எடுங்கள். யுனிவர்சல் எல்என்பி என்றால் 11.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, மேலே, இரண்டிலும் வெர்டிகல், ஹரிசான்டல் (அலை அதிரும் திசை) என நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். 13 வோல்ட், 18 வோல்ட், 22 கிலோஹெர்ட்ஸ் டோன் ஆகியவற்றை அனுப்பித்தான் ரிசீவர் இவற்றுக்குள் மாறுகிறது. மூன்றில் நன்றாக இருந்து ஒன்றில் மட்டும் சொதப்பும் எல்என்பியும் உண்டு.

படி 3: மாற்றுவது

பழையதன் நான்கு எண்களையும் முதலில் குறித்துக்கொண்டு, ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், எல்என்பிக்கு மின்சாரம் அதே கேபிளில்தான் போகிறது. கழற்றுமுன் பழையது எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கிளாம்பில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். புதியதை மாட்டி, மறுபடி மின்சாரம் கொடுத்த பிறகு, இம்மி இம்மியாகத் திருப்பியும் முன்பின் நகர்த்தியும் அதற்குக் கிடைக்கிற அதிகபட்ச எண்ணைப் பிடியுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது எல்என்பிகளை அல்ல, உங்கள் கைவாகை. டிஷ்ஷைத் தொடவே கூடாது.

கேபிள் முனையையும் உற்றுப் பாருங்கள். ஒருமுறை சாயங்காலம் முழுக்கப் புது எல்என்பியைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால், கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டருக்குள் பின்னல் கம்பியின் ஒரே ஒரு இழை, மயிர் மாதிரி, நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது!

படி 4: மறுபடியும் பழையது

ஐந்து நிமிடம் விட்டு, நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய எல்என்பியைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி மாட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதுதான் உரைகல். பழைய எண்ணே திரும்பி வந்தால் சோதனை சரி. வராவிட்டால் இடையில் மேகம் வந்திருக்கும், அல்லது டிஷ் அசைந்திருக்கும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள். அட்டைப்பெட்டியில் எல்என்பியின் சொந்த இரைச்சல் 0.1 டெசிபெல் என்று அச்சடித்திருப்பதையும் அப்படியே. நான்கு இடத்திலும் தெளிவாக முந்துகிற எல்என்பியை மாட்டி, மழை பெய்யும்போது அதே நோஞ்சான் டிரான்ஸ்பாண்டரை ஒருமுறை திறந்து பாருங்கள்.