எக்ஸாம் டைம்ல கண்ணு எரியுதா? இத பண்ணிப் பாருங்க

லேப்டாப்பே கதின்னு கெடந்தா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தத்தான் செய்யும், ஏன்னா சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவ கிட்ட சிமிட்டுற கண்ணு ஸ்கிரீன் பாக்குறப்ப பாதி கூட சிமிட்டாது, கண்ணீர் படலம் காஞ்சிடும். அதனால 20 நிமிஷத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி எதையாச்சும் 20 செகண்ட் பாருங்க, அப்படியே இமைய முழுசா மூடி மூடி திறங்க. ஹாஸ்டல் ஃபேன் நேரா மூஞ்சில அடிச்சா தலைமாட்ட மாத்திப் படுங்க. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச கர்ச்சீப்ப மூடுன இமை மேல 5-10 நிமிஷம் வைங்க, இமை ஓரத்து எண்ணெய் சுரப்பி அடைப்பு இளகும். கான்டாக்ட் லென்ஸோட தூங்காதீங்க. ரூம்மேட் சொன்ன டிராப்ஸ மெடிக்கல்ல வாங்கி ஊத்துறது மட்டும் வேணவே வேணாம், அதுல ஸ்டீராய்டு (வீக்கத்த அடக்குற மருந்து) இருந்தா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறலாம். வலி, மங்கல்னா நேரா கண் டாக்டர்தான்.