பாத்திரக் கடை நோட்டிலிருந்து டேட்டாபேஸ்

மதுரை அனுப்பானடியில் எங்களுக்கு ஒரு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எதுவானாலும் அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி எங்களிடம் எடுப்பார்கள். அப்பா வருஷக்கணக்காக நீள நோட்டில் கணக்கு எழுதியவர். நான் பி.காம். முடித்து வந்ததும் அதை எக்செலுக்கு மாற்றினேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு புக்கிங்குக்கு ஒரு வரி. அதில் 'சாமான்' என்று ஒரு கட்டம். அதற்குள் "பெரிய அண்டா 2, குண்டான் 4, கரண்டி 6" என்று மொத்தமாக அடித்து வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு, கையில் இருந்த 6 பெரிய அண்டாவுக்கு 8 அண்டா புக்கிங் எடுத்துவிட்டேன். விடியக்காலை நாலு மணிக்கு அப்பா செல்லூர் போய், தெரிந்த கடைக்காரரை எழுப்பி, 2 அண்டா கடன் வாங்கி வந்தார். திட்டவில்லை. "நோட்டுல எழுதியிருந்தா என் மண்டையில இருந்திருக்கும்த்தா" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்கப்புறம்தான் டேட்டாபேஸ், அதாவது தகவலை ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாக வைக்கும் முறை, படித்தேன். படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கணினியை மூடி வையுங்கள். ஒரு பேப்பரில் கடை தினமும் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். நான் எழுதியவை: இந்தத் தேதியில் எத்தனை அண்டா வெளியே போகிறது? யாரிடமிருந்து சாமான் இன்னும் திரும்பவில்லை? அட்வான்ஸ் மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது? பதில் சொல்ல வேண்டிய கேள்வி எது என்று தெரியாமல் அட்டவணை போட்டால், என் 'சாமான்' கட்டம் மாதிரிதான் முடியும். ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். இதைத்தான் முதல் நார்மல் ஃபார்ம் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

அடுத்து, பெயர்ச்சொற்களைப் பிரியுங்கள். வாடிக்கையாளர் ஒரு அட்டவணை: எண், பெயர், ஊர், போன். பாத்திரம் ஒரு அட்டவணை: எண், பெயர், மொத்தம், வாடகை. புக்கிங் ஒரு அட்டவணை: எண், வாடிக்கையாளர்_எண், எடுக்கும்_தேதி, திருப்பும்_தேதி, அட்வான்ஸ். மூன்றாவதற்கு நான் முதலில் 'ஆர்டர்' என்றுதான் பெயர் வைத்தேன். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு அது சொந்தச் சொல் என்பதால் பிழை காட்டியது. அரை நாள் போன பிறகுதான் காரணம் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் எதற்கு எண்? எங்கள் ஊரில் கடைத்தெருவில் நின்று "பாண்டி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். என் எக்செலில் 'ஒத்தக்கடை பாண்டி' மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஒரே ஆள், ஒரு தடவை 'ஒத்தகடை' என்று அடித்திருந்தேன். பாத்திரம் வாங்கும்போது பேர் வெட்டி வாங்குவோமே, எதற்கு? பந்தியில் நாலு வீட்டுச் சாமான் கலந்தாலும் நம்முடையது தனியாகத் தெரியத்தான். பாண்டிகளுக்குப் பேர் வெட்ட முடியாது, எண் கொடுக்கலாம். அந்த எண்தான் பிரைமரி கீ. போன் நம்பரையே வைத்துக்கொள்ளலாமே என்று நானும் நினைத்தேன். ஒரே போனை அண்ணன் தம்பி இரண்டு பேரும் கொடுக்கிறார்கள், ஒரே ஆள் வருஷத்துக்கு ஒரு நம்பர் மாற்றுகிறார். வேண்டாம்.

புக்கிங் வரியில் பெயர், ஊர், போன் எதையும் திரும்ப எழுதாதீர்கள். வாடிக்கையாளரின் எண் மட்டும் போதும். அதற்குப் பெயர் ஃபாரின் கீ. போன் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் தீர்ந்தது. இல்லாத வாடிக்கையாளரின் எண்ணைப் போட்டால் டேட்டாபேஸே மறுத்துவிடும். நான் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூலைட்டில் மட்டும் இந்தக் காவல் பொதுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் 'பிரக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்று தட்டி எழுப்ப வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம். ஒரு புக்கிங்கில் பல பாத்திரம் போகும். ஒரே வகைப் பாத்திரம் பல புக்கிங்கில் போகும். இரண்டு பக்கமும் 'பல' வந்தால் நடுவில் ஒரு அட்டவணை வேண்டும். நான் வைத்தது புக்கிங்_வரி: புக்கிங்_எண், பாத்திர_எண், எத்தனை, வாடகை, திரும்பியது. 2 அண்டா, 4 குண்டான், 6 கரண்டி எடுத்தால் இதில் மூன்று வரி. என் பழைய 'சாமான்' கட்டம் உடைந்து வந்து உட்கார்ந்த இடம் இதுதான்.

வாடகை இரண்டு இடத்தில் இருக்கிறதே, ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதக் கூடாது என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்பீர்கள். பாத்திரத்தில் இருப்பது இன்றைய வாடகை. வரியில் இருப்பது அன்றைக்குப் பேசிய வாடகை. தையில் வாடகையை ஏற்றினால் ஐப்பசியில் போட்ட பில் தானாக ஏறக் கூடாது. ஒரே மாதிரித் தெரிந்தாலும் இவை இரண்டு வேறு விஷயங்கள். டிசைன் என்பதில் பாதி வேலை இதைக் கண்டுபிடிப்பதுதான் என்பேன்.

பழக எஸ்க்யூலைட் போதும். காசு கிடையாது, சர்வர் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். 2000-இல் வந்தது, உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. கணினியில் 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற மென்பொருளை இறக்கிக்கொண்டால் அட்டவணைகளைக் கண்ணால் பார்த்தே பழகலாம்.

சரி, கேள்வி கேட்போம். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். செலக்ட், ஃப்ரம் போன்ற கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

செலக்ட் பெயர், போன்
ஃப்ரம் வாடிக்கையாளர்
வேர் ஊர் = 'மேலூர்'
ஆர்டர் பை பெயர்;

படிக்கும்போது ஃப்ரம்மிலிருந்து படியுங்கள்: வாடிக்கையாளர் அட்டவணையில், மேலூர்க்காரர்களை எடுத்து, பெயரும் போனும் காட்டு, பெயர் வரிசையில் அடுக்கு. எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று நாம் சொல்லவே இல்லை. என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னோம். ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையின் அடிப்படையே இதுதான்: தகவல் எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை கேட்பவனுக்கு இருக்கக் கூடாது. அதுவரை புரோகிராம் எழுதுபவர்தான் வழி தேடிப் போக வேண்டும், எங்கள் அப்பா நோட்டைப் புரட்டுகிற மாதிரி. எஸ்க்யூஎல் மொழி அதே ஐபிஎம்மில் 1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் செய்தது.

இப்போது என் மானத்தை வாங்கிய அண்டா கேள்வி. பெரிய அண்டாவின் எண் 1.

செலக்ட் சம்(வ.எத்தனை)
ஃப்ரம் புக்கிங்_வரி வ
ஜாயின் புக்கிங் பு ஆன் பு.எண் = வ.புக்கிங்_எண்
வேர் வ.பாத்திர_எண் = 1
அண்ட் பு.எடுக்கும்_தேதி <= '2025-06-05'
அண்ட் பு.திருப்பும்_தேதி >= '2025-06-05';

சம் என்றால் கூட்டு. வ, பு இரண்டும் அட்டவணைகளுக்கு நான் வைத்த சுருக்கப் பெயர்கள். எத்தனை அண்டா என்பது வரியில் இருக்கிறது, தேதி புக்கிங்கில் இருக்கிறது. இரண்டையும் புக்கிங் எண்ணை வைத்துச் சேர்ப்பதுதான் ஜாயின். தேதியை வருஷம்-மாதம்-நாள் என்றே எழுதுங்கள். எஸ்க்யூலைட்டில் தேதிக்குத் தனி வகை இல்லை, எழுத்தாகத்தான் வைக்கிறோம். 05-06-2025 என்று நம் வழக்கப்படி எழுதினால் முன்பின் தெரியாமல் குழப்பிவிடும்.

எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே தடவையில் வேண்டுமென்றால், அண்டா எண்ணைக் கேட்கும் நிபந்தனையை எடுத்துவிட்டு, செலக்டில் வ.பாத்திர_எண்ணையும் சேர்த்து, கடைசியில் 'குரூப் பை வ.பாத்திர_எண்' போடுங்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாகக் கூட்டித் தரும்.

ஜாயினில் நான் விழுந்த குழி ஒன்று. அட்வான்ஸ் மொத்தம் பார்க்க, புக்கிங்கையும் புக்கிங்_வரியையும் சேர்த்து சம்(அட்வான்ஸ்) போட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, "என்னத்தா, இவ்வளவு பணம் எங்க இருக்கு?" என்றார். 1000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்த ஒரு புக்கிங்கில் மூன்று வரி சாமான். ஜாயின் செய்ததும் அந்த 1000 மூன்று வரியிலும் வந்து நின்று, 3000 ஆகிவிட்டது. எஸ்க்யூஎல் பிழை எதுவும் சொல்லாது. கேட்டதைக் கூட்டித் தரும். அட்வான்ஸைக் கூட்ட புக்கிங் அட்டவணை மட்டும் போதும். சம் போடும் முன் ஒரு முறை சம் இல்லாமல் ஓட்டி, வரிகளைக் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று 'நல்', அதாவது மதிப்பே இல்லாத வெற்றுக் கட்டம். 'திரும்பியது' பத்தியில் 0 என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. நல் என்றால் இன்னும் எண்ணவே இல்லை. 'திரும்பியது = நல்' என்று தேடினால் ஒரு வரிகூட வராது; 'திரும்பியது இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். அதே மாதிரி, ஒரு அண்டாகூட புக் ஆகாத நாளில் மேலே சொன்ன சம் 0 தராது, நல்தான் தரும். 'கோயலெஸ்(சம்(வ.எத்தனை), 0)' என்று சுற்றிவிடுங்கள், நல் வந்தால் அதற்குப் பதில் 0 தரும்.

வரிகளை அழிக்கும் டிலீட் போடும் முன் அதே வேர் நிபந்தனையோடு செலக்ட் போட்டுப் பாருங்கள். வேர் மறந்த டிலீட் மொத்த அட்டவணையையும் துடைத்துவிடும். 'பிகின்' போட்டு ஆரம்பித்திருந்தால், அதற்குப் பின் செய்ததை ரத்து செய்யும் 'ரோல்பேக்' காப்பாற்றும்.

எல்லாம் சரியாக ஓடிய முதல் மாதம், டேட்டாபேஸ் 6 அண்டா கையில் என்றது, அலமாரியில் 5 இருந்தது. ஒன்று ஈயம் பூசப் போயிருந்தது. என் அட்டவணை எதிலும் அதற்கு இடமில்லை. மறுபடி பேப்பரை எடுத்தேன். ரிப்பேர் என்று புது அட்டவணை போடலாமா என்று யோசித்துவிட்டு, கடையையே ஒரு வாடிக்கையாளராகச் சேர்த்தேன். ஈயம் பூசும் நாட்களுக்கு, வாடகை 0 என்று கடையின் பெயரில் ஒரு புக்கிங். அண்டா கேள்வியில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.